உறங்க வைக்கும் படப்புத்தகம்: கொங்குப் பக்கத்தில் முதல்முறை செய்பவர்களுக்கு

படப்புத்தகம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கதையில்தான் கை வைப்பார்கள். இரவில் படுக்கையில் வாசிக்கிற புத்தகத்துக்கு அது சரிப்படாது. கடைசிப் பக்கம் வரும்போது குழந்தை எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண் சொக்கிப் போயிருக்க வேண்டும், "இன்னொரு கதை" என்று எழுந்து உட்காரக் கூடாது. பகல் கதையில் பரபரப்பு கடைசியில் வரும். இரவுக் கதையில் அது முன்பாதியிலேயே வந்து தணிந்துவிட வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எத்தனை வரி எழுதுவது, என்ன நிறம் போடுவது, எந்தத் தாளில் அச்சடிப்பது என்பதெல்லாம் தானாகவே வழிக்கு வரும்.

கொஞ்சம் படம் வரையத் தெரிந்தவர்களையும், வரையத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கான புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். கதைக்களம் நம்முடைய தோட்டம்தான்.

முதலில் வாயால் சொல்லுங்கள்

ஒரு வரிகூட எழுதாமல் கதையைச் சில இரவுகள் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டில் குழந்தை இல்லையென்றால் அக்கா வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போதும். விளக்கைக் குறைத்துவிட்டு, குழந்தை படுத்த பிறகு சொல்ல வேண்டும். பகலில் மடியில் உட்கார வைத்துச் சொன்னால் அது வேறு சோதனை.

எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்கிறது, எந்த வரியை உங்களோடு சேர்ந்து சொல்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்பதை மறுநாள் காலையில் குறித்து வையுங்கள். சேர்ந்து சொல்கிற வரிதான் புத்தகத்தின் பல்லவி. கொட்டாவி வந்த இடத்தில் கைவைக்காதீர்கள். விறுவிறுப்பாக்குகிறேன் என்று அங்கே ஒரு நரியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு, வேண்டாம்.

கதையைச் சரிவாகப் போடுவது

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கதையை எடுத்துக்கொள்கிறேன். பொழுது சாய்கிறது. தோட்டத்தில் எல்லாம் படுக்கப் போகின்றன. கட்டுத்தரையில் ஒரு செவலைக் கன்றுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கயிற்றை உருவிக்கொண்டு ஓடுகிறது. கொடாப்புக்குள் (கோழியை அடைக்கும் கூடை) இருக்கும் கோழி, பட்டியில் இருக்கும் ஆடு, கிணற்றுமேட்டுப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, வேப்பமரத்தில் ஏறிவிட்ட மயில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தாயிடம் திரும்புகிறது. அவ்வளவுதான் கதை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமுச்சியும் பேத்தியும் படுத்திருப்பதோடு முடிகிறது.

கன்று கயிற்றை உருவிக்கொண்டு ஓடுவதுதான் இதில் உச்சம். மூன்றில் ஒரு பங்கு தாண்டுவதற்குள் அது நடந்துவிட வேண்டும். அதன் பிறகு பக்கத்துக்குப் பக்கம் வேகம் குறையும். ஓட்டம் நடையாகும், நடை நிற்பதாகும், கடைசியில் படுப்பதாகும். திருடன், பாம்பு, தொலைந்து போவது எதுவும் வேண்டாம். குழந்தை தாயைத் தேடுகிற நேரம் அது. தாய்ப்பசுவை ஒவ்வொரு படத்திலும் தூரத்திலாவது தெரிகிற மாதிரி வைத்துவிட்டால் பயம் வராது.

தோட்டம் பார்க்காத குழந்தைகளுக்கும் இதே சரிவு ஒத்துவரும். சோமனூர், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் விசைத்தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்கள். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வார்கள் என்று அங்கே சொல்வதுண்டு. தறி ஓடுகிற வீதியை வைத்து ஒரு புத்தகம் செய்யலாம். அம்மா பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற வீட்டை வைத்தும் ஒன்று செய்யலாம். யாராவது செய்தால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இரவில் விழித்திருக்கும் உயிர் ஒன்று காவலாளியாக வேண்டுமென்றால் ஆந்தையைத் தவிர வேறு யாரையும் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். தேவாங்கு இருக்கிறதே! கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைப்பகுதியை 2022இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். பகலெல்லாம் தூங்கி, இரவில் பூச்சி தேடுகிற, முகம் முழுக்கக் கண்ணாக இருக்கும் அந்தச் சின்ன உயிரைவிடப் படத்துக்குப் பொருத்தமான முகம் எது? மின்மினி வேண்டுமென்றால் ஆனைமலைக் காட்டில், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஏப்ரல், மே மாதங்களில் வைத்து வரையுங்கள்.

டம்மி செய்யாமல் படம் வரையாதீர்கள்

எட்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடியுங்கள். 32 பக்க மாதிரிப் புத்தகம் கையில் வந்துவிடும், இதுதான் டம்மி. படப்புத்தகங்கள் உலகமெங்கும் இந்த 32இல் நிற்பதற்குக் காரணம் அச்சு இயந்திரம். பெரிய தாளை அச்சடித்து மடிக்கும்போது 8, 16 பக்கம் என்ற கணக்கில்தான் ஒரு ஃபாரம், அதாவது மடித்த தாள்கட்டு, வரும். 30 பக்கத்தில் கதை முடிந்தாலும் 32க்குத்தான் காசு. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டே ஆக வேண்டும்.

முதல் பக்கம் தலைப்பு. இரண்டாவது பக்கத்தில் பதிப்பு விவரம். மூன்றாவது பக்கத்தில் ஒற்றைப் படம், பொழுது சாய்கிறது. 4-5இலிருந்து 30-31 வரை எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்த 14 விரிப்புகள். 32இல் கடைசிச் சின்னப் படம். நம் கதையில் முதல் மூன்று விரிப்பு அந்தி: ஆடு திரும்புவது, பால் கறப்பது, விளக்கு ஏற்றுவது. ஐந்தாவதில் கன்று ஓட வேண்டும். பதின்மூன்றாவதில் தாயிடம் படுக்க வேண்டும். பதினான்காவதில் தோட்டம் முழுவதையும் தூரத்திலிருந்து காட்டலாம், எழுத்தே இல்லாமல்.

டம்மியில் பென்சிலால் கிறுக்கினால் போதும். பக்கம் திருப்புகிற இடத்தைத்தான் பார்க்கிறோம். "கொடாப்புக்குள்ளே யாரு?" என்ற கேள்வி வலப்பக்கத்தின் கீழே இருந்தால் பதில் திருப்பிய பிறகு வரும், குழந்தை தானே திருப்பும். இந்த வித்தையை முன்பாதியில் மட்டும் பயன்படுத்துங்கள். பின்பாதியிலும் கேள்வியாகவே போனால் குழந்தை பதிலுக்காகக் காத்திருந்து விழித்தே இருக்கும். ஏழாவது விரிப்புக்கு மேல் கேள்வியும் பதிலும் ஒரே விரிப்பில் முடிந்துவிடட்டும்.

அட்டையின் உள்பக்கங்கள் இரண்டும் சும்மா வெள்ளையாகக் கிடக்கும். அதில் பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகளை வரையலாம். திறந்தால் ஜமக்காளம் விரிக்கிற மாதிரி, மூடினால் சுருட்டுகிற மாதிரி. செலவு கொஞ்சம் கூடும்.

வார்த்தை

மொத்தமே 200 முதல் 300 சொற்கள். ஒரு விரிப்புக்கு இரண்டு மூன்று வரி. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்ல வேண்டாம். கோழி கொடாப்புக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் "கொக்… கொக்…" சத்தம்தான் எழுத்தில் வர வேண்டும்.

பல்லவி இப்படி இருக்கலாம்:

"மாடு படுத்தாச்சு, ஆடு படுத்தாச்சு,
செவலைக் கன்னு எங்கே?"

கோழி வந்ததும் கோழியையும், மயில் வந்ததும் மயிலையும் சேர்த்துக்கொண்டே போனால் பட்டியல் நீளும், குரல் தானாகத் தாழும். கடைசியில் கேள்வி போய், "செவலைக் கன்னும் படுத்தாச்சு" என்று நின்றுவிடும். எழுதியதை உரக்க வாசித்துப் பாருங்கள். க்க, ட்ட, ற்ற என்று வல்லினம் அடுத்தடுத்து இரட்டித்தால் நாக்கு தாளம் போடும். அது கன்று ஓடுகிற பக்கத்துக்கு நல்லது. தூங்குகிற பக்கத்தில் ம, ன, ல, ய போன்ற எழுத்துகள் மிகுந்தால் வாய் மெதுவாக அசையும். நம் தாலாட்டுகளைக் கேட்டால் இது புரியும், ஆராரோவில் வல்லினமே கிடையாது.

வட்டார வழக்கு எவ்வளவு வேண்டும் என்று பலர் கேட்பார்கள். கதை சொல்லும் வரிகள் எளிய பொதுத் தமிழில் இருக்கட்டும், பேச்சு மட்டும் நம் பேச்சாக இருக்கட்டும் என்பது என் கட்சி. "அமுச்சி, செவலைக்குத் தூக்கம் வரலையா?" "வரும் சாமி. நீ கண்ண மூடு." இந்த இரண்டு வரியில் ஊர் வந்துவிட்டது. எல்லா வரியிலும் வழக்கை ஏற்றினால், மதுரையில் இதை வாங்கிய அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் நிற்க வேண்டியிருக்கும். அமுச்சி, அப்பாரு, கொடாப்பு போன்றவற்றுக்குப் பயம் வேண்டாம், படம் பார்த்தே புரியும். அடிக்குறிப்பு போட்டு விளக்காதீர்கள்.

படம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் உண்மை. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை நிறம். ஏறத்தாழ ஆறு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். அதனால் மயிலைப் பசுவின் பக்கத்தில் செவலைக் கன்று படுத்திருப்பது தப்பில்லை, அப்படித்தான் இருக்கும். காளைக்குத் திமிலும் முன்பின் பகுதிகளும் கருத்திருக்கும். ஆடு என்றதும் வெள்ளைக் கம்பளி உருண்டையை வரைகிறவர்கள் மேச்சேரி ஆட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இளம் பழுப்பு உடம்பு, குட்டை முடி, கிடாய்க்கும் கொம்பு இருக்காது. மேய்ச்சல் நிலமான கொறங்காடு என்றால் கிளுவை வேலி வேண்டும், நடுவே குடை விரித்த மாதிரி வெள்வேல மரம் நிற்க வேண்டும். தேவதாரு மரமும் புகைபோக்கி வீடும் வேண்டாம். கணினியில் சொல்லி வரவழைக்கிற படங்களில் இவை கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கதை என்றால் தொலைவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு மினுங்கட்டும்.

நிலாவில் நிறையப் பேர் சறுக்குவார்கள். முழுநிலா பொழுது சாயும்போது கிழக்கே எழும். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மலை மேற்கே இருக்கிறது, அதனால் அந்தியில் மலைக்குப் பின்னாலிருந்து முழுநிலா எழும்ப முடியாது. அங்கே நிற்கக்கூடியது மூன்றாம் பிறைதான், அதுவும் முன்னிரவிலேயே மறைந்துவிடும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் பிறை பெரும்பாலும் தொட்டில் மாதிரி மல்லாந்து கிடக்கும், வெளிநாட்டுப் புத்தகங்களில் வருவது போல நிமிர்ந்து நிற்காது. பிறையின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் வைக்காதீர்கள். அங்கேயும் நிலாதான் இருக்கிறது.

அடுத்து நிறம். மூன்றாம் பக்கத்தில் மஞ்சளும் ஆரஞ்சும், நடுவில் ஊதா, கடைசியில் ஆழ்ந்த நீலம் என்று நிறம் படிப்படியாக இறங்க வேண்டும். 14 விரிப்புகளின் நிறத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே தாளில் வரிசையாகப் பூசிப் பாருங்கள். எங்காவது குதித்தால் அங்கேயே தெரியும். ஒவ்வொரு இருட்டுப் பக்கத்திலும் ஏதாவது ஒரு வெளிச்சம் இருக்கட்டும். அரிக்கேன் விளக்கோ, வாசல் பல்போ, மாட்டின் கண்ணில் மின்னும் ஒரு புள்ளியோ போதும். முழு இருட்டைக் குழந்தைகள் விரும்புவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பல்லியை எங்காவது ஒளித்து வைத்தால் நூறாவது தடவை வாசிக்கும்போதும் பெரியவர்களுக்கு உதவியாக இருக்கும். பல்லி மட்டும் பளிச்சென்று தெரியக் கூடாது.

கையால் வரைவதென்றால் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள் சுருங்காது. அச்சு அளவிலேயே வரைந்தால் 300 டிபிஐயிலும் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), சின்னதாக வரைந்து பெரிதாக்குவதென்றால் 600இலும் ஸ்கேன் செய்யுங்கள். கணினியில் வரைபவர்களுக்கு கிரிட்டா இலவசம், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் இலவசம். நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைய வேண்டும், வெட்டும்போது அது போய்விடும். நடு மடிப்பில் முகம் விழக் கூடாது. கன்றின் மூக்கு மடிப்புக்குள் போய்விட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இரவு நீலம் அச்சில் ஏமாற்றும். திரையில் பின்னாலிருந்து ஒளி வருகிறது, தாளில் அது கிடையாது. திரையில் தெரிவதைவிட ஒரு படி வெளிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மையில் சயான் என்ற இளநீலத்தோடு மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு சமமாகச் சேர்ந்தால் நீலம் கத்திரிப்பூ நிறமாகிவிடும். சயானைவிட மெஜந்தாவை குறைந்தது 30 சதவீதமாவது தாழ்த்தி வையுங்கள். நான்கு மையின் சதவீதங்களையும் கூட்டினால் ஆர்ட் தாளில் 300ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

எழுத்துரு

நோட்டோ சான்ஸ் தமிழ், கதமரன், முக்தா மலர், பாலூ தம்பி எல்லாமே இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். 20 முதல் 24 பாயின்ட் வைக்கலாம், வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். படுத்துக்கொண்டு மங்கிய வெளிச்சத்தில் வாசிப்பவர் பெரியவர், அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எ, ஏ வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாகத் தெரிகிற எழுத்துருவாகப் பாருங்கள். வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள்.

இருட்டுப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கனமான எழுத்தாக வையுங்கள். மெல்லிய எழுத்தென்றால் நாலு நிறமும் ஒரு நூல் விலகினாலே புள்ளிகள் அடைத்துக்கொள்ளும். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும்.

டிடிபி கடையில் கொடுப்பதானால் முன்பே கேளுங்கள். இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிற கடைகள் உண்டு, மாற்றும்போது எழுத்து சிதறும். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற தேர்வைப் போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எப்படியானாலும் கடைசி பிடிஎஃப்பைத் தாளில் எடுத்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிக்க வேண்டும். நீங்கள் படித்தால் போதாது, கதை தெரியாத ஒருவர் படிக்கட்டும்.

தாளும் அச்சும்

பளபளக்கும் ஆர்ட் தாளை அச்சகத்தில் ஆசையாகக் காட்டுவார்கள். பகலில் பிரமாதமாக இருக்கும். படுக்கையறை விளக்கின் கீழே பாதிப் படத்தில் பல்புதான் தெரியும். மேட் ஆர்ட் தாள், 130 முதல் 170 ஜிஎஸ்எம், அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் மேட் லேமினேஷன் என்று கேளுங்கள். கிரவுன் கால் அளவு, அதாவது ஏறத்தாழ 18 × 24 செ.மீ., எடுத்தால் தாள் வீணாவது குறைவு. சதுரப் புத்தகம் அழகுதான், வெட்டி எறிகிற தாளுக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும்.

32 பக்கத்துக்கு நடுவில் பின் அடிப்பதே நல்லது, புத்தகம் முழுதாக விரியும். முதுகில் பசை வைத்து ஒட்டினால் இவ்வளவு மெல்லிய புத்தகம் விரியாது, நடு மடிப்பில் படமும் விழுங்கப்படும். பின் முனைகள் நன்றாக மடங்கியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வயதுக்கும் கீழே என்றால் குழந்தை கடிக்கும், கெட்டி அட்டைப் பக்கமும் வட்ட மூலையும் தேவை. அது வேறு செலவுக் கணக்கு.

நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, ஐந்நூறு, ஆயிரம் என்றால் ஆஃப்செட். கோவை, திருப்பூர், ஈரோட்டிலேயே நல்ல அச்சகங்கள் இருக்கின்றன, பெரிய எண்ணிக்கைக்கு சிவகாசியிலும் விலை கேட்டுப் பாருங்கள். எங்கே அடித்தாலும் மிக இருண்ட விரிப்பு, மிக வெளிச்சமான விரிப்பு இரண்டையும் அதே தாளில் புரூஃப் (சோதனை அச்சு) எடுக்கச் சொல்லி, இரவில் நைட் லேம்ப் போட்டுப் பாருங்கள். அச்சக மேசையின் குழல்விளக்கில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மற்றவை

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிப்பு விவரப் பக்கமும் பின்னட்டையும் அச்சுக்குப் போவதற்கு முன்பே எண் கையில் இருக்க வேண்டும். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஓவியர் வேறொருவர் என்றால், சொந்தக்காரராகவே இருந்தாலும், பணம் எவ்வளவு, மூலப்படம் யாரிடம் இருக்கும், மறுபதிப்பில் பங்கு உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவில் இருப்பதே மரியாதை.

விற்க வழி தேடுபவர்களுக்கு ஜூலையில் கோவை கொடிசியாவிலும் ஆகஸ்டில் ஈரோட்டிலும் புத்தகத் திருவிழா நடக்கும். தனியாகக் கடை எடுப்பது ஒரு புத்தகத்துக்குக் கட்டுப்படியாகாது. சிறார் நூல் வைத்திருக்கும் பதிப்பகத்திடம் கழிவு பேசிக் கொடுங்கள். அதைவிட விரைவாகப் பிரதிகள் போவது காதுகுத்து, பிறந்தநாள் விசேஷங்களில்தான். தாய்மாமன் சீர்த்தட்டில் ஒரு புத்தகம் வைக்கலாம், வருபவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் இதைக் கொடுக்கலாம். ஐம்பது, நூறு என்று மொத்தமாகக் கேட்பார்கள், அதற்கென ஒரு விலையை முன்பே முடிவு செய்து வையுங்கள்.

அச்சு முடிந்ததும் பிடிஎஃப், ஸ்கேன் செய்த மூலப்படங்கள், பக்கம் அமைத்த கோப்பு, எழுத்துருக்கள் நான்கையும் அச்சகத்திலிருந்து வாங்கி இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். அடுத்த வருடம் மறுபதிப்பு கேட்டுப் போகும்போது பழைய பிளேட் இருக்காது, கோப்பு வைத்திருந்த தம்பியும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.